இலவச டிராம் எங்கே போகிறது?

 

சென்ற வாரம் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். கைப்பேசியில் ஒரு படத்தை ஓடவிட்டுக் காட்டினார். பெரிய பெரிய ஓட்டல்களுக்கு நடுவே, தூண்கள் மேல் போட்ட பாதையில், சிறிய ரயில் ஒன்று ஓசையில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"ஹஸ்ரத், இது அமெரிக்காவிலே லாஸ் வேகாஸ். டிக்கெட்டே கிடையாது. ஏறலாம், இறங்கலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டாங்க. நம்ம ஊர்ப் பணக்காரன் எவனாவது இப்படிச் செய்வானா?" என்றார்.

"தம்பி, அந்த வண்டி எங்கே போகுது?" என்று கேட்டேன்.

"ஒரு ஓட்டல்லேர்ந்து இன்னொரு ஓட்டலுக்கு."

"அங்கேர்ந்து?"

"இன்னொரு ஓட்டலுக்கு."

"அங்கேர்ந்து?"

"திரும்பி முதல் ஓட்டலுக்கே வந்துடும் ஹஸ்ரத்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. விவரமறிந்த பையன், கடையில் ஒரு மீட்டர் துணிக்குக் கணக்குத் தப்பவிடாதவன், 'இலவசம்' என்ற சொல்லைக் கேட்டதும் கணக்கை மறந்துவிட்டானே! அவன் மட்டுமா? நீயும் நானும் மறப்பதில்லையா? அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடலில்லாத ஊருக்குக் கடற்கரை!

முதலில் விவரத்தைத் தெரிந்துகொள். நெவாடா மாநிலம் சூதாட்டத்தை 1931-ல் சட்டபூர்வமாக்கியது. இன்று உலகம் 'லாஸ் வேகாஸ்' என்று சொல்லும் அந்த விளக்கு வீதியின் பெரும்பகுதி லாஸ் வேகாஸ் மாநகர எல்லைக்குள்ளேயே இல்லை. அது கிளார்க் கவுண்டியைச் சேர்ந்த தனிப் பகுதி. அந்தப் பகுதிக்கு என்ன பெயர் தெரியுமா? பாரடைஸ்! சொர்க்கம்! சூதாட்டக் கூடங்கள் வரிசை கட்டி நிற்கும் இடத்துக்கு இட்ட பெயரைப் பார்த்தாயா?

அந்த வீதியின் தென்கோடியில் மூன்று சூதாட்ட ஓட்டல்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. எக்ஸ்காலிபர் 1990-ல் திறக்கப்பட்டது. ஆங்கிலேயரின் பழங்கதை மன்னர் ஆர்தருடைய வாளின் பெயர் அது. கட்டடமும் ஒரு பொம்மைக் கோட்டை. அடுத்தது லக்ஸர். 1993-ல் திறந்தார்கள். எகிப்தின் பழைய நகரத்துப் பெயரைச் சூட்டி, கறுப்புக் கண்ணாடியால் 30 மாடிப் பிரமிடு கட்டி, வாசலில் ஸ்பிங்க்ஸ் சிலையையும் வைத்திருக்கிறார்கள். ஃபிர்அவ்னின் கல்லறை வடிவத்துக்குள் சூதாட்ட மேஜை! மூன்றாவது மண்டலே பே. 1999-ல் வந்தது. 'மண்டலே வளைகுடா' என்று பொருள். பர்மாவுக்குப் பிழைக்கப் போன நம் பாட்டன்மார் உயிரோடிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார்கள். மண்டலே எங்கே, கடல் எங்கே? உள்நாட்டில் ஐராவதி ஆற்றங்கரையில் இருக்கிற ஊர் அது. இல்லாத வளைகுடாவின் பெயரில், பாலைவனத்தின் நடுவே, செயற்கை அலையடிக்கும் குளம் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

இந்த மூன்றையும் இணைத்து 1999-ல் ஓடத் தொடங்கியதுதான் அந்த இலவச டிராம். முழு நீளமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறைவு. நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடம். இதற்கு எதற்கு ஒரு ரயில்?

கயிறு யார் கையில்?

அந்த வண்டியின் பொறியமைப்பைக் கேட்டால் உனக்கே பாதி விடை கிடைத்துவிடும். வண்டியில் ஓட்டுநர் இல்லை. வண்டியை இழுக்கும் எஞ்சினும் வண்டிக்குள் இல்லை. கோடியில் உள்ள எந்திரம் ஓர் இரும்பு வடத்தை இழுக்கிறது. வடத்தைப் பற்றிக்கொண்டிருக்கும் பெட்டிகள் பின்னாலேயே போகின்றன. மலைகளில் கம்பிவட வண்டி கட்டுவதில் பேர்பெற்ற ஆஸ்திரியாவின் டாப்பல்மயர் குழுமம் செய்து கொடுத்தது. நம் ஊர்க் கிணற்று ராட்டினத்தை நினைத்துக்கொள். வாளி தானாக மேலே வருவதில்லை. கயிற்றை இழுக்கிறவன் ஒருவன் இருக்கிறான்.

இங்கே கயிற்றை இழுக்கிறவன் யார்? மூன்று ஓட்டல்களும் ஆரம்பத்தில் ஒரே கம்பெனிக்குச் சொந்தம். 2005-ல் அந்தக் கம்பெனியையே எம்.ஜி.எம். நிறுவனம் வாங்கியது. இன்றும் மூன்றையும் நடத்துவது எம்.ஜி.எம். ரிசார்ட்ஸ்தான். அப்படியானால் இந்த டிராம் என்ன செய்கிறது? ஒரே முதலாளியின் ஒரு கல்லாவிலிருந்து இன்னொரு கல்லாவுக்கு ஆள் சுமக்கிறது. எக்ஸ்காலிபரில் தோற்றவன் சலித்துப்போய் வெளியே வந்தால் வெயில். எதிரே வேறு முதலாளியின் வாசல் தெரிந்துவிடலாம். அறைக்குத் திரும்பி, 'போதும்' என்று படுத்துவிடலாம். அவனைச் சிந்திக்க விடாமல், வியர்க்க விடாமல், அப்படியே ஏந்திக்கொண்டு போய் அடுத்த கூடத்தில் இறக்கிவிடுகிறது.

இன்னொன்றையும் பார். விமான நிலையம் அந்த ஓட்டல்களுக்குப் பக்கத்திலேயே, வீதிக்கு அந்தப்புறம் இருக்கிறது. இலவச டிராம் அங்கே போவதில்லை. ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர், படுக்கை விரிக்கிறவர், இரவு இரண்டு மணிக்குத் தரை துடைக்கிறவர் குடியிருக்கும் தெருவுக்கும் போவதில்லை. அவர்கள் காசு கொடுத்து அரசுப் பஸ்ஸில் போகிறார்கள். களைத்த தொழிலாளிக்குக் கட்டணம்! காசோடு வந்தவனுக்கு இலவசம்! இதற்குப் பெயர் தர்மமா?

நம் தமிழகத்திலும் 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதுவும் இலவசம்தான். ஆனால் அந்தப் பஸ் கூலி வேலைக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறது. செலவு மக்களின் வரிப்பணம். குறையிருந்தால் சட்டமன்றத்தில் கேட்கலாம், தேர்தலில் கேட்கலாம். சூதாட்ட ஓட்டலின் டிராமை யாரிடம் போய்க் கேட்பாய்? இரண்டும் இலவசம் என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடுமா?

கொசுறும் தூண்டிலும்

வியாபாரச் சகோதரரே, இது உங்களுக்கு. காய்கறி வாங்கினால் ஒரு கொத்து கறிவேப்பிலை கொசுறு போடுகிறோம். அதில் என்ன குற்றம்? ஒன்றுமில்லை. வந்தவர் காசு கொடுத்தார், எடை சரியாகப் பார்த்துச் சரக்கு வாங்கினார், நிறைந்த பையோடு வீட்டுக்குப் போகிறார். நமக்குக் கிடைத்த நியாயமான லாபத்தில் ஒரு துளியைச் சந்தோஷமாகத் திருப்பிக் கொடுக்கிறோம். அது கொசுறு.

தூண்டிலில் புழுவைக் கோத்துக் குளத்தில் போடுகிறவனும் மீனுக்கு இலவசமாகத்தான் கொடுக்கிறான். அதைக் கொசுறு என்பீர்களா?

கணக்கைப் பேனா எடுத்துப் போட்டுப் பாருங்கள். அமெரிக்க ரூலட் சக்கரத்தில் 38 குழிகள். 1 முதல் 36 வரை எண்கள், அதோடு ஒரு பூஜ்ஜியம், ஓர் இரட்டைப் பூஜ்ஜியம். ஒருவன் 38 குழியிலும் தலா ஒரு டாலர் வைக்கிறான் என்று கொள்ளுங்கள். போட்டது 38. ஏதாவது ஒரு குழியில் பந்து விழுந்தே தீரும். ஜெயித்த எண்ணுக்கு 35 டாலரும் வைத்த ஒரு டாலரும் சேர்ந்து 36 திரும்பும். மீதி 2 டாலர் எங்கே? வீட்டுக்காரனுக்கு! நூற்றுக்கு 5 டாலர் 26 சென்ட். பந்து எங்கே விழுந்தாலும் அவன் பங்கு போகாது. இதுவும் போதாதென்று மூன்று பூஜ்ஜியச் சக்கரமும் வைத்துவிட்டார்கள். அதில் 39 போட்டால் 36 வரும். நூற்றுக்கு 7 டாலர் 69 சென்ட் போயிற்று!

நெவாடா கேசினோக்களின் வருமானத்தில் பெரும்பங்கு மேஜைகளிலிருந்து வருவதில்லை, காசு போடும் எந்திரங்களிலிருந்து வருகிறது. அந்த எந்திரம் மொத்தத்தில் எவ்வளவு திருப்பித் தரவேண்டும் என்று மாநில விதி சொல்கிறது? போட்டதில் நூற்றுக்கு 75-க்குக் குறையக்கூடாது! ஆயிரம் ரூபாய்ச் சரக்குக்கு 750 ரூபாய்ச் சரக்கை மட்டும் அளந்து கொடுத்தால் போதும் என்று ஒரு தராசுக்கு அரசாங்கம் முத்திரை குத்தினால் அந்தக் கடைக்குப் போவீர்களா? அந்தக் கடைக்காரன் உங்களை அழைத்துவர வாசலுக்கு வண்டி அனுப்பினால், 'நல்ல மனுஷன்' என்பீர்களா?

'அரசாங்கத்துக்கு வரி வருகிறதே, பள்ளிக்கூடம் நடக்கிறதே' என்பார்கள். நெவாடாவில் சூதாட்ட வருமானத்தின் மேல் மாநிலம் வாங்கும் உச்ச வரி 6.75 சதவீதம். மக்களிடம் பிடுங்கிய 100 டாலரில் 7 டாலர்கூட முழுசாய் வரவில்லை. இதில் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. மதுவிலும் சூதிலும் மனிதருக்குச் சில பயன்கள் உண்டு என்பதை அல்குர்ஆனே இரண்டாம் அத்தியாயத்தில் ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டு, பயனைவிடப் பாவமே பெரிது என்று நிறுத்துப் போட்டுவிடுகிறது. அதுதான் தராசு. ஒரு தட்டை மட்டும் காட்டுகிறவன் வியாபாரியல்ல, ஏமாற்றுக்காரன்.

இலவசம் எதுவரை?

கணக்குக்கு ஒத்துவரும் வரைதான் இலவசம்! ஒத்துவராத நாளில் அது காணாமல் போகும். இதற்கும் லாஸ் வேகாஸே சாட்சி.

அந்த வீதியில் வண்டி நிறுத்த யாரும் காசு கேட்டதில்லை. பல்லாண்டு காலப் பெருமை அது. 2016-ல் அதே எம்.ஜி.எம். நிறுவனம் தன் ஓட்டல்களில் வண்டி நிறுத்தக் கட்டணம் போட்டது. மற்றவர்களும் தொடர்ந்தார்கள். விருந்தோம்பல் எங்கே போயிற்று?

1995-ல் எம்.ஜி.எம். கிராண்டுக்கும் பாலிஸ் ஓட்டலுக்கும் இடையே ஒற்றைத் தண்டவாள ரயில் விட்டார்கள். டிஸ்னி வேர்ல்டில் ஓடிப் பழசான பெட்டிகள். கட்டணம் இல்லை. பிறகு அதையே நீட்டி, 2004-ல் ஆறு கிலோமீட்டர் மோனோரயிலாக்கினார்கள். கட்டணமும் வந்தது. அது 2010-ல் ஒருமுறை, 2020-ல் மறுமுறை என்று இரண்டு தடவை திவால் மனுக் கொடுத்தது. கடைசியில் சுற்றுலாவைக் கவனிக்கும் பொது அமைப்பு அதை வாங்க வேண்டியதாயிற்று. விமான நிலையம் வரை நீட்டுவோம் என்று பேசினார்களே, அது இன்றுவரை நடக்கவில்லை.

மூன்றாவது சாட்சி, மிராஜ் ஓட்டல். அதற்கும் பக்கத்து டிரஷர் ஐலண்டுக்கும் இடையே ஓர் இலவச டிராம் இருந்தது. 2024 ஜூலையில் மிராஜ் மூடப்பட்டது. டிராமும் முடிந்தது. மிராஜ் என்றால் என்ன பொருள்? கானல் நீர்! பெயரிலேயே உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் கடையைத் திறந்திருக்கிறார்கள். நாம்தான் கவனிக்கவில்லை.

"நான் ஏறத்தானே செய்தேன்?"

சகோதரா, உன் கேள்வி எனக்குத் தெரியும். 'சூதாடாமல் அந்த வண்டியில் ஏறி இறங்கினால் ஹராமா?' என்பாய். நான் சக்கரத்துக்கு ஃபத்வா கொடுக்க வரவில்லை. கால்வலியோடு இருக்கும் ஒரு முதியவர், பிள்ளையைச் சுமந்த ஒரு தாய், வெயிலுக்கு ஒதுங்கி அதில் ஏறினால் அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவும் மாட்டேன். வண்டிக்குப் பாவமில்லை.

நான் கேட்பது வேறு. அழைக்கிறவன் எதற்கு அழைக்கிறான்? தோழனைச் சூதாட வரும்படி ஒருவர் வாயால் அழைத்துவிட்டாலே, ஆடாவிட்டாலும், அதற்காகத் தர்மம் செய்யவேண்டும் என்று புகாரியில் வரும் நபிமொழி கட்டளையிடுகிறது. ஆட்டத்துக்கு முன்னால் இருக்கும் அழைப்பையே மார்க்கம் பிடித்து நிறுத்துகிறது. ஏன்? விழுகிறவன் சக்கரத்தின் முன்னால் விழுவதில்லை. அதற்கு முன்பே, அழைப்பை ஏற்ற இடத்தில் விழுந்துவிடுகிறான். அந்த டிராம் என்பது இரும்பால் செய்த அழைப்பு. மணிக்கணக்காய் ஓய்வில்லாமல் 'வா, வா' என்று அழைக்கிற அழைப்பு.

உன் கைப்பேசியில் 'முதல் ஆட்டம் இலவசம், போனஸ் இலவசம்' என்று வந்துகொண்டிருந்ததே, அது என்ன? அதே டிராம்தான்! எத்தனை குடும்பங்கள் கடனில் மூழ்கிய பிறகு, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது! சட்டம் வந்தது நல்லது. ஆனால் இலவசத்தைக் கண்டதும் கை நீளும் பழக்கத்துக்கு எந்த நாடாளுமன்றம் தடை போடும்?

அந்த 650 மீட்டரில் யார் பணம்?

இனிமேல் சொல்லப் போவதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

லாஸ் வேகாஸில் இன்னொரு இலவச டிராம் இருக்கிறது. ஏறத்தாழ 650 மீட்டர் தூரம். அதுவும் இரும்பு வடத்தால் இழுபடுவதுதான். ஒரு முனையில் பெல்லாஜியோ, மறுமுனையில் முன்பு மான்டி கார்லோ என்றிருந்து இன்று பார்க் எம்.ஜி.எம். ஆகிவிட்ட ஓட்டல், நடுவில் ஏரியா. சிட்டி சென்டர் என்ற பிரம்மாண்டத் திட்டத்தின் பகுதியாக 2009 டிசம்பரில் ஓடத் தொடங்கியது.

அந்த சிட்டி சென்டர் யாருடையது? பாதி எம்.ஜி.எம். நிறுவனத்துடையது. மறுபாதி? நெஞ்சைத் திடப்படுத்திக்கொள் சகோதரா. துபாய் அரசுக்குச் சொந்தமான துபாய் வேர்ல்டுடையது! 2007-ல் சுமார் 270 கோடி டாலர் கொடுத்துப் பாதிப் பங்கை வாங்கினார்கள். அதோடு எம்.ஜி.எம். கம்பெனியின் பங்குகளையும் வாங்கினார்கள். பாங்கு ஒலிக்கும் மண்ணிலிருந்து, மணல்காட்டு எண்ணெயும் நம் பிள்ளைகளின் வியர்வையும் வளர்த்த செல்வத்திலிருந்து, சூதாட்டக் கூடத்துக்குப் பணம் போயிருக்கிறது!

அந்தக் கட்டடங்கள் எழும்பியபோது என்ன நடந்தது? கட்டுமானத்தில் ஆறு தொழிலாளர்கள் மாண்டார்கள். 2008 ஜூனில் தொழிலாளர்கள் உயிருக்குப் பாதுகாப்புக் கேட்டு வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். அந்த வீதியின் கட்டுமான மரணங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த லாஸ் வேகாஸ் சன் பத்திரிகைக்கு 2009-ல் புலிட்சர் விருது கிடைத்தது. ஹார்மன் என்றொரு கோபுரத்தைக் கட்டினார்கள். கம்பி கட்டியதில் கோளாறு. ஒரு விருந்தாளிகூடத் தங்காமல், 2015-ல் முழுவதையும் பிரித்து எடுத்தார்கள்.

2009 நவம்பர் 25 அன்று துபாய் வேர்ல்டு தன் கடனைத் திருப்பித் தர அவகாசம் கேட்டது. உலகச் சந்தைகளே அதிர்ந்தன. அடுத்த மூன்று வாரத்தில், டிசம்பர் 16-ல், ஏரியா கேசினோ வாணவேடிக்கையோடு திறக்கப்பட்டது. கடன்காரன் வாசலில் நிற்கிறான், சூதாட்டக் கூடத்தில் வாணவேடிக்கை! கடைசியில் 2021-ல் அந்தப் பாதிப் பங்கை எம்.ஜி.எம். நிறுவனத்துக்கே 212.5 கோடி டாலருக்கு விற்றுவிட்டு வெளியேறினார்கள். இடையில் வந்த பங்குத்தொகை தனிக்கணக்கு. ஆனால் 14 ஆண்டு கழித்து, வாங்கிய விலைக்குக்கூட விற்கவில்லை. சக்கரத்தின் முன் உட்கார்ந்த சாதாரண ஆட்டக்காரனுக்கு நடப்பதுதானே இது?

'அந்தத் திட்டத்தில் வதாரா என்ற ஓட்டலில் சூதாட்டமே கிடையாதே' என்று ஒருவர் என்னிடம் சமாதானம் சொன்னார். உண்மைதான். வதாராவில் கேசினோ இல்லை. ஆனால் வதாராவின் பக்கத்தில் என்ன இருக்கிறது? அந்த டிராமின் நிலையம்! ஏறினால் ஏரியா, இறங்கி நடந்தால் பெல்லாஜியோ. பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்து, கையை மட்டும் பக்கத்து வீட்டுச் சீட்டாட்டத்தில் வைத்திருப்பவனுக்கு உளு இருக்கிறதா இல்லையா என்று விவாதிப்பதா?

அன்று ஒரு ரயில் இருந்தது

நம் சமுதாயத்துக்கு ரயில் விடத் தெரியாதா? 1900-ல் டமாஸ்கஸிலிருந்து மதீனாவை நோக்கி ஒரு பாதை போடத் தொடங்கினார்கள். ஹிஜாஸ் ரயில். ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். 1908-ல் மதீனாவை அடைந்தது. உலகமெங்குமிருந்து முஸ்லிம்கள் நன்கொடை அனுப்பினார்கள். நம் இந்திய முஸ்லிம்களும் அள்ளிக் கொடுத்தார்கள். பெருஞ்செல்வர்கள் மட்டுமல்ல, அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவர்களும் கொடுத்தார்கள். அதன் சொத்து வக்ஃபாக நின்றது. பிற்பாடு முதல் உலகப் போரில் அது சிதைந்தது. அது வேறு கதை.

ஏழை எளியவன் சேர்த்த காசில் ஹாஜிகளுக்காக 1,300 கிலோமீட்டர். நூறு ஆண்டு கழித்து, பல கோடி டாலர் கொட்டிய கூட்டாளியாய் நாம் நின்ற இடத்தில் 650 மீட்டர், ஒரு சூதாட்டக் கூடத்திலிருந்து இன்னொன்றுக்கு! நம் உயர்வு தாழ்வை அளக்க வேறு அளவுகோல் வேண்டுமா?

வண்டி நம் வாசலுக்கு வருகிறது

'எங்கோ அமெரிக்காவில் நடக்கிறது, நமக்கென்ன?' என்கிறாயா? ஐக்கிய அரபு அமீரகத்தில் 2023-ல் சூதாட்ட ஒழுங்குமுறைக்கென்றே ஓர் ஆணையம் அமைத்தார்கள். 2024 அக்டோபரில் லாஸ் வேகாஸ் கம்பெனியான வின் ரிசார்ட்ஸுக்கு அந்நாட்டின் முதல் கேசினோ உரிமம் வழங்கப்பட்டது. ராஸ் அல் கைமாவில், கடலில் மண்ணைக் கொட்டி எடுத்த தீவில், கட்டடம் எழுந்திருக்கிறது. 2027-ல் திறக்கப்போவதாக அறிவித்திருக்கிறார்கள்.

அங்கே வேலை செய்யப் போவது யார்? வாகனம் ஓட்ட, சமைக்க, துணி வெளுக்க, காவல் நிற்க ஆள் வேண்டுமே! நம் ஊர்களிலிருந்து விசா கிடைத்தால் போதும் என்று கிளம்பும் பிள்ளைகளைத்தான் தேடி வருவார்கள். காய்கறி, இறைச்சி, துணிமணி, விளக்கு என்று சரக்கு ஒப்பந்தம் நம் வியாபாரிகளைத் தேடி வரும். 'நான் ஆடவில்லையே, சப்ளைதானே' என்பார்கள். மதுவைப் பற்றிய நபிமொழியில் குடிப்பவர் மட்டும் கண்டிக்கப்படவில்லை. சுமந்து செல்பவரும் சேர்த்தே கண்டிக்கப்பட்டார். அதே அல்குர்ஆன் மதுவையும் சூதையும் ஒன்றாக நிறுத்தித் தடுத்தது. சுமக்கிறவன் தன்னைத் தனியே பிரித்துக்கொள்ள முடியுமா?

வயிற்றுப்பாட்டுக்காகக் கடன்பட்டுப் போய், என்ன வேலை என்று தெரியாமல் அங்கே சிக்கிக்கொள்ளும் பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன். அவனுக்கு முன்கூட்டியே சொல்லாமலிருந்த நம்மைத்தான் குறை சொல்வேன்.

இதை எழுதும்போது என்னையே நான் கேட்டுக்கொள்கிறேன். தெருமுனையில் மூன்று சீட்டு ஆடி ஐம்பது ரூபாய் தோற்கும் ரிக்‌ஷாக்காரனைப் பற்றி மேடையில் எத்தனை முறை முழங்கியிருக்கிறேன்! ஜமாஅத்துக்கு இழுத்துவந்து அபராதம் போட்டதும் உண்டு. ஆனால் 270 கோடி டாலரைச் சூதாட்ட நகரில் கொட்டிய செய்தி வந்தபோது நம் மேடைகள் ஏன் மௌனமாயின? ரசீதுப் புத்தகத்தோடு அந்நாடுகளுக்கு நன்கொடை திரட்டப் போகிறோம் என்பதாலா? நானும் போயிருக்கிறேன். அங்கே எனக்குக் கிடைத்த விமானச் சீட்டும் விருந்தும் இலவசம்தான். அந்த இலவசம் என் நாவை எங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டது என்பதை இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன். டிராம் லாஸ் வேகாஸில் மட்டும் ஓடவில்லை சகோதரா!

ஆகவே மூன்று காரியம் செய்வோம்.

வளைகுடாவுக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் வேலை எந்த நிறுவனத்தில், என்ன வேலை என்று படித்துச் சொல்ல ஒவ்வொரு ஜமாஅத்திலும் விவரமறிந்த இருவரை நியமிப்போம். கடன்பட்டுப் போய் அத்தகைய இடத்தில் மாட்டிக்கொண்டவன் திரும்பி வந்தால், 'ஏன் வந்தாய்' என்று கேட்காமல், பைத்துல்மாலிலிருந்து கைகொடுப்போம்.

வியாபாரிகள் சங்கத்தில் இன்றே பேசி முடிவெடுங்கள். சூதாட்ட விடுதிக்குச் சரக்கு இல்லை! ஓர் ஆர்டர் போனால் வியாபாரம் படுத்துவிடாது.

உலமாப் பெருமக்களே, ஏழையின் சீட்டுக்கட்டைப் பற்றிப் பேசும் அதே குரலில் பணக்காரனின் சூதாட்ட மாளிகையைப் பற்றியும் பேசுவோம். அந்தக் குரல் தாழ்ந்தால், மக்கள் நம்மையும் நிறுத்துப் பார்ப்பார்கள்.

தம்பி, அந்தப் படத்தை எனக்குக் காட்டியதற்கு நன்றி. அடுத்த முறை யாராவது எதையாவது இலவசம் என்று நீட்டினால், வாங்குவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேள். அன்று உன்னிடம் நான் கேட்ட கேள்விதான்: இது எங்கே போகிறது?

சிந்திப்போம்! விழித்துக்கொள்வோம்! இன்ஷா அல்லாஹ்.